பொங்கலில் நாம் மறந்த கொழு

தை பிறக்கும்போது லிட்டில் இந்தியாவில் கரும்பும் மஞ்சள் கொத்தும் குவிந்துவிடும். மாடுகளைப் பார்க்கப் பிள்ளைகள் கூடுவார்கள். சூரியனுக்கும் மாட்டுக்கும் உழவருக்கும் நன்றி சொல்கிறோம். மண்ணைக் கிழித்த கொழுவையும் அதை உலையில் உறுதியாக்கிய கொல்லரையும் யாரும் நினைப்பதில்லை.

கொழுவின் வேலை எளிதன்று. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் எஃகைவிடக் கடினமானது. உழும்போது அது முனையை அரம்போலத் தேய்க்கிறது. முனை மழுங்கினால் உழவு ஆழமாக இறங்காது, டிராக்டருக்கு டீசல் கூடுதலாகச் செலவாகும். அடிக்கடி முனையை மாற்றும் செலவும் விவசாயியின் தலையில்தான் விழும்.

தேய்மானத்தைக் குறைக்க உதவுவது வெப்பப் பதப்படுத்தல். நடுத்தர அளவு கரிமம் உள்ள எஃகைச் சுமார் 850 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று குளிரவைத்தால் அதன் உள்ளமைப்பு ‘மார்ட்டென்சைட்’ ஆக மாறும். கடினம் கூடும், ஆனால் கல்லில் மோதினால் உடைந்துவிடும். அதனால் எஃகின் வகைக்கேற்ப, குறைந்த வெப்பத்தில் மீண்டும் சூடாக்குவார்கள். கடினத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அடி தாங்கும் திறனைப் பெறுகிறோம்.

இருமொழிக் கல்வி கற்ற எனக்கு ‘டெம்பரிங்’ என்ற சொல்தான் முதலில் தெரிந்தது. காய்ச்சிய இரும்பைத் தோய்த்து உறுதியாக்குவதைத் தமிழில் ‘தோய்ச்சல்’ என்பார்கள் என்பது பிறகே தெரிந்தது. வெப்பமானி இல்லாத கொல்லர் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைக் கணித்தார். ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் கரையில், பழங்கால இரும்பு உருக்கிய உலைகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. 1819ல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்த ‘ஊட்ஸ்’ எஃகும் இந்திய உருக்கே.

சிங்கப்பூரில் வயல் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். நம் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. தேக்காவில் வாங்கும் அரிசியும் எங்கோ ஒரு முனை தேய்ந்து உழுத நிலத்தில் விளைந்ததுதான்.

அடுத்த பொங்கலுக்கு நம் பள்ளிகளும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களும் பானைக்குப் பக்கத்தில் இரண்டு கொழுமுனைகளை வைக்கட்டும்: ஒன்று புதியது, மற்றொன்று தேய்ந்தது. பொறியியல் மாணவர் ஒருவர் அவற்றின் வேறுபாட்டைத் தமிழில் விளக்கட்டும். தொழில்நுட்பத்தைத் தமிழில் பேசச் சொல் இல்லை என்று நாம் சலித்துக்கொள்கிறோம். பட்டறையில் அந்தச் சொற்கள் பல காலமாகப் புழங்குகின்றன. கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.