சந்தையிலிருந்து வந்த குட்டிக்கு முதல் மருந்து ஊசி அல்ல

மழை பொய்த்து நெல் கைவிட்ட ஆண்டுகளிலும் நயினார்கோவில் வட்டார விவசாயிக்கு ஆத்திர அவசரத்துக்குக் கைகொடுப்பது ஆடுதான். கண்மாய்க் கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய்ந்து, இரவில் கிடையில் அடைந்து, நிலத்துக்கு எருவும் வீட்டுக்குப் பணமும் தந்த கால்நடை அது. இப்போது அதோடு இன்னொரு முறையும் பரவி வருகிறது. கொட்டில் அமைத்து, மூன்று நான்கு மாதக் குட்டிகளைச் சந்தையில் வாங்கி வந்து, தீவனம் கொடுத்துத் தேற்றி, பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ விற்கிறார்கள். இளைஞர்கள் பலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய முயற்சிதான்.

ஆனால் இந்தக் கொட்டில்களில் ஒரு பழக்கமும் சேர்ந்தே வளர்கிறது. வண்டியிலிருந்து குட்டிகள் இறங்கியதும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆன்டிபயாடிக் ஊசி. கேட்டால், "சளி பிடிக்காமல் இருக்க" என்கிறார்கள். மருத்துவர் பார்த்திருக்க மாட்டார். குட்டியின் எடை தெரியாது. பக்கத்துக் கொட்டில்காரர் சொன்ன மருந்து, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பாட்டில், அவ்வளவுதான்.

என் படிப்பு உழவியல். ஆட்டுக்கு மருந்து எழுதித் தருவது கால்நடை மருத்துவரின் வேலை. அதை நான் இங்கே செய்யப் போவதில்லை. ஆனால் மருந்தைக் கண்டபடி பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பயிரில் பார்த்தவன் என்ற முறையில் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

நோய் எங்கிருந்து வருகிறது?

எட்டயபுரத்திலோ திருப்புவனத்திலோ சந்தைக்கு வரும் ஒரு குட்டியை நினைத்துப் பாருங்கள். முந்தைய நாள்தான் தாயைப் பிரிந்திருக்கும். இரவெல்லாம் தண்ணீர் இல்லாமல் நின்றிருக்கும். பல ஊர் ஆடுகளோடு முட்டி மோதி, வண்டியில் நெருக்கியடித்து நின்று, தூசியும் புகையும் சுவாசித்து உங்கள் கொட்டிலுக்கு வருகிறது. நுரையீரல் நோய்க்குக் காரணமான பாஸ்டுரெல்லா, மான்ஹைமியா போன்ற கிருமிகள் நலமாக இருக்கும் ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும்கூட இருப்பவைதான். உடல் தெம்பாக இருக்கும்வரை அவை அங்கேயே அடங்கிக் கிடக்கும். அலைச்சலாலும் பட்டினியாலும் உடல் தளரும்போது அவை நுரையீரலுக்குள் இறங்குகின்றன. வாங்கி வந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் இருமலும் சாவும் அதிகம் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே.

அமெரிக்காவில் மாடுகளை ஆயிரக்கணக்கில் அடைத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைக்கும் பெரும் பட்டிகள் உண்டு. அங்கும் இதே கதைதான். நெடுந்தொலைவு லாரியில் வந்து இறங்கும் கன்றுகளுக்கு வரும் நுரையீரல் நோய்க்கு 'பயணக் காய்ச்சல்' என்ற பொருள்படும் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டிகளுக்குப் பெரும் இழப்பைத் தரும் நோய் அது. நோய் தாக்கும் அபாயம் அதிகம் என்று தெரிந்தால், வந்த மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் ஆன்டிபயாடிக் போடுவது அங்கே நெடுநாள் வழக்கம். அதனால் நோய் குறைகிறது என்பதும் உண்மைதான். ஆனால் விலையும் கொடுத்திருக்கிறார்கள். நோயுற்ற மாடுகளின் நுரையீரலிலிருந்து எடுத்த கிருமிகளில், ஒரே சமயத்தில் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை கூடி வருவதை அங்குள்ள ஆய்வகங்கள் பதிவு செய்துள்ளன. மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைக் கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது என்ற நிலை 2023 ஜூனில் அங்கே முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து, நோய் வராத மந்தைக்கு வழக்கமாக ஆன்டிபயாடிக் கொடுப்பதையே தடை செய்துவிட்டது.

இதில் நாம் பின்பற்ற வேண்டியது இன்னொன்று. அங்கே கன்று வளர்க்கும் விவசாயிகள் சிலர், விற்பதற்கு ஒன்றரை மாதம் முன்பே கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, தடுப்பூசி போட்டு, தொட்டியில் தீனி தின்னப் பழக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கன்றுக்கு நோயும் குறைவு. வாங்குபவர் கூடுதல் விலையும் கொடுக்கிறார். இதை நாமும் செய்யலாம். சந்தையில் பத்து ஊர் ஆடுகளைக் கலந்து வாங்குவதைவிட, பக்கத்து ஊரில் ஆடு வளர்ப்பவரிடம் முன்கூட்டியே பேசி, தடுப்பூசி போட்ட குட்டிகளை நேரடியாக வாங்குங்கள். ஒரு குட்டிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் சாவில் இழப்பதை நினைத்தால் அது லாபமே.

எல்லாச் சளிக்கும் ஒரே ஊசியா?

மூக்கு ஒழுகி இருமும் ஆடுகளெல்லாம் ஒரே நோயால் இருமுவதில்லை. ஆட்டுக்கொல்லி நோய் எனப்படும் பிபிஆர் வைரஸால் வருவது. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், மூக்கில் சளி, பிறகு நிமோனியா என்று போகும். எந்த ஆன்டிபயாடிக்கும் வைரஸைக் கொல்லாது. பின்னால் வந்து சேரும் கிருமிகளை அடக்க மட்டுமே உதவும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகள் வரை காக்கும்.

வெள்ளாடுகளைத் தாக்கும் தொற்று நிமோனியா ஒன்று மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வருகிறது. பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் செல்சுவரைத் தாக்கிக் கொல்பவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. ஆகவே எத்தனை பென்சிலின் ஊசி போட்டாலும் பயன் இல்லை. நுரையீரல் புழுவாலும் இருமல் வரும். அதற்கு வேண்டியது புழு நீக்க மருந்து. எண்ணெயோ மருந்தோ புகட்டும்போது ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அப்படி நாமே வரவழைக்கும் நிமோனியாவும் உண்டு. இவற்றில் எது என்று பார்க்காமல் போடும் ஊசி, குருட்டாம்போக்கில் எறியும் கல்தான்.

முண்டு மிளகாய் போடும் நம் விவசாயிகளுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. இலைப்பேனுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப, அளவு பார்க்காமல் அடித்தால் என்ன ஆகிறது? முதலில் ஒரு தெளிப்பில் அடங்கியது, பிறகு இரண்டு மூன்று தெளிப்புக்கும் அடங்குவதில்லை. மருந்துக்குச் செத்தவை போக, தாங்கி நின்றவையே பெருகுகின்றன. ஆட்டின் நுரையீரலில் நடப்பதும் அதுவே. வேறுபாடு ஒன்றுதான்: ஆட்டுக்குப் போடும் ஆக்சிடெட்ராசைக்ளினும் பென்சிலினும் என்ரோஃப்ளாக்சசினும் நம் குடும்பத்தார் நோயில் விழும்போது மருத்துவர்கள் நம்பியிருக்கும் மருந்து வகைகளைச் சேர்ந்தவை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமித் தொற்றால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் பயன்படும் கொலிஸ்டின் மருந்தை இறைச்சி, பால், முட்டைக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குத் தரக் கூடாது என்று இந்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்ததும் இதனால்தான்.

28 நாள் கணக்கு

போட்ட மருந்து அன்றே உடலை விட்டுப் போய்விடுவதில்லை. அது இறைச்சியிலும் பாலிலும் சில நாட்கள் தங்கும். சமைப்பதாலும் காய்ச்சுவதாலும் எல்லா மருந்தும் அழிந்துவிடாது. அதனால் கடைசி ஊசிக்கும் விற்பனைக்கும் இடையே எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை மருந்துப் பெட்டியில் அச்சிட வேண்டும் என 2012ல் நம் நாட்டு மருந்து விதிகளில் சேர்க்கப்பட்டது. குறிப்பிட்ட மருந்துக்கு அந்தக் கால அளவு உறுதி செய்யப்படாமல் இருந்தால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், ஆட்டு மாட்டு இறைச்சிக்கும் கோழி இறைச்சிக்கும் குறைந்தது 28 நாள் என்பது விதி.

பண்டிகைக்கு முந்தைய வாரம் ஓர் ஆடு இருமுகிறது என்று ஊசி போட்டு, நான்காம் நாள் விற்றுவிடுபவர் இந்த விதியை மீறுகிறார். அந்த இறைச்சி போய்ச் சேருவது முகம் தெரியாதவர் வீட்டுக்கு மட்டுமல்ல; நம் ஊர்ப் பிள்ளைகளின் தட்டுக்கும்தான்.

இன்னொன்றையும் உழவியல் படித்தவனாகச் சொல்ல வேண்டும். டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளின் பெரும்பகுதி உருமாறாமலே சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. கொட்டில் எருவை அப்படியே வயலில் கொட்டினால் மருந்தும் மருந்தை எதிர்க்கும் கிருமிகளும் மண்ணுக்கு வருகின்றன. எருவைக் குவித்து, சூடேறி நன்றாக மக்கிய பிறகே இடுங்கள். இது எல்லா மருந்தையும் நீக்கிவிடாது என்றாலும் கணிசமாகக் குறைக்கும்.

ஊசிக்கு முன் செய்ய வேண்டியவை

வந்த குட்டிகளைப் பழைய ஆடுகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே வையுங்கள். தனித் தொட்டி, தனித் தண்ணீர். முதலில் பழைய ஆடுகளைக் கவனித்துவிட்டு, பிறகு புதியவற்றிடம் போங்கள்.

இறங்கியதும் நிழல், சுத்தமான தண்ணீர், உலர்தீவனம், பழகிய தழை ஆகியவை போதும். முதல் நாளே அடர்தீவனத்தை அள்ளி வைத்தால் வயிற்றில் அமிலம் கூடி, தளர்ந்த குட்டி மேலும் தளரும். இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அலைச்சல் தீர்ந்தபின் குடற்புழு நீக்கமும் விடுபட்ட தடுப்பூசிகளும் எப்போது என்று மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஆறு மாதத்தைத் தாண்டிய குட்டி ஒன்றுக்கு 8 முதல் 10 சதுர அடி இடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலர் கொட்டிலைத் தார்ப்பாயால் முழுவதும் மூடிவிடுகிறார்கள். சாரல் அடிக்காமல் மறைக்க வேண்டும். காற்றை அடைக்கக் கூடாது. மறைப்பின் மேல்பக்கம் ஓரடி திறந்திருக்கட்டும். கொட்டிலுக்குள் ஆட்டின் தலை உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், அந்த அமோனியா நெடிதான் ஆட்டின் நுரையீரலையும் புண்ணாக்குகிறது. அங்கே முதலில் தேவை துடைப்பம்.

காலையில், வெயில் ஏறுமுன், தீனி வைக்கும்போது நின்று கவனியுங்கள். ஓடி வராத குட்டி, ஒதுங்கி நிற்கும் குட்டி, மூக்கில் கெட்டிச் சளி, வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்குவது ஆகியவைதான் முதல் அறிகுறிகள். நூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு ஒரு வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டின் இயல்பான உடல் வெப்பம் 102 முதல் 104 டிகிரி பாரன்ஹீட். காலை நேரத்திலேயே அதற்கு மேல் போனால் ஆட்டைத் தனியே கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள். கால்நடை நிலையம் தொலைவு என்றால் 1962 என்ற எண் இருக்கிறது.

ஊசி தேவைப்படும்போது

இவ்வளவும் சொன்னதால் ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். பாக்டீரியா நிமோனியா வந்த ஆட்டுக்கு அது உயிர் மருந்து. தாமதித்தால் நுரையீரல் கெட்டியாகிவிடும். பிறகு எந்த மருந்தும் உதவாது. ஆகவே நோய்கண்ட ஆட்டுக்கு உடனே, மருத்துவர் சொல்லும் மருந்தை, தராசில் நிறுத்த எடைக்கு ஏற்ற அளவில், சொன்ன நாள் முழுவதும் போடுங்கள். இரண்டாம் நாள் தீனி தின்கிறது என்று நிறுத்தாதீர்கள். அரை அளவும் அரை நாளும் கிருமிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்குச் சமம்.

ஒரு நோட்டில் ஆட்டின் காது எண், எடை, மருந்து, கடைசி ஊசி போட்ட தேதி, விற்கக்கூடிய தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். இறந்த ஆட்டைப் புதைக்குமுன் மருத்துவரிடம் காட்டிப் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு சாவின் காரணம் தெரிந்தால் மீதி மந்தையைக் காப்பாற்றலாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொட்டில் கட்ட மானியமும் கடனும் பற்றிச் சொல்லும்போதே, மூன்று வாரத் தனிமையையும் 28 நாள் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஆட்டுச் சந்தைகளில் தண்ணீரும் நிழலும் வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி முகாம்கள் கிராமத்துக்கு வர வேண்டும். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் சளி மாதிரியைச் சோதித்து, எந்த மருந்து வேலை செய்யும் என்ற முடிவை மருத்துவருக்கு விரைவாகத் தர வேண்டும். மருத்துவர் எட்டாத தூரத்தில் இருக்கும்வரை கடைக்காரர்தான் மருத்துவர் ஆவார்; அதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை.

அடுத்த முறை வண்டியிலிருந்து குட்டிகளை இறக்கும்போது, ஊசியை எடுக்குமுன் அவற்றுக்குத் தண்ணீர் காட்டுங்கள். நிழலில் விடுங்கள். மறுநாள் காலை எது தீனிக்கு ஓடி வருகிறது, எது வரவில்லை என்று பாருங்கள். வராத அந்த ஒன்றுக்குத்தான் மருத்துவரும் மருந்தும் தேவை.