பெயரா, எண்ணா? கண்டெய்னருக்குள் ஒரு உரிமைத் தகராறு

பி.காம் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு டாக்கரோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்தை விட்டு வந்து, இப்போது ஜாகை மைசூர் அக்ரஹாரத்தில், நூற்றொரு கணபதி கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி. தம்பி சிங்கப்பூரில், தங்கை டல்லாஸில். அப்பா போன பிறகு அவருடைய பத்திரங்கள், பாஸ்புக், பழைய போட்டோக்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மூவரும் பார்க்கிற மாதிரி வைக்கலாம் என்று முடிவு. மாத வாடகைக்கு எங்கேயோ ஒரு சர்வர், அதில் ஒரு கண்டெய்னர். இங்கே லேப்டாப்பில் கட்டளை கொடுத்தால் அங்கே இமேஜ் தயாராகும். புரோகிராம், ஒரு ஃபோல்டர், அதற்குள் என்னென்ன பத்திரம் என்று ஒரு பட்டியல். அவ்வளவுதான் நான் அனுப்பியது.

பட்டியல் எல்லோருக்கும் தெரிந்தது. முதல் பத்திரத்தை ஏற்றப்போன தம்பிக்கு, அனுமதி மறுப்பு. "என்ன அண்ணா, எனக்கு உரிமை இல்லையா?" என்று வாட்ஸ்அப்பில் சிரிப்பு பொம்மையோடு கேட்டான். விளையாட்டுதான். ஆனாலும் சொத்துப் பத்திர விஷயத்தில் அந்த வார்த்தை கொஞ்சம் குத்தியது.

நடந்தது இதுதான். தொலைவில் இமேஜ் கட்டும்போது நம் ஃபைல்கள் மூட்டையாகக் கட்டப்பட்டு அங்கே போகின்றன. டாக்கர்ஃபைலில் வெறுமனே 'காப்பி' என்று எழுதினால், லேப்டாப்பில் யாருடையதாக இருந்தாலும் சரி, இமேஜுக்குள் 0 என்ற எண்ணுக்கு, அதாவது ரூட்டுக்குச் சொந்தம். புரோகிராமோ பாதுகாப்புக்காக 1001 என்ற சாதாரண யூசராக ஓடுகிறது. படிக்கலாம், எழுத முடியாது.

லினக்ஸ் ஃபைலோடு சேர்த்து வைப்பது சொந்தக்காரரின் பெயரை அல்ல, எண்ணை. இது வங்கிக்காரனுக்குச் சட்டென்று புரியும். நெஃப்டில் பணம் அனுப்பினால் அக்கவுண்ட் நம்பரை மட்டும் பார்த்துத்தான் வரவு வைக்கிறோம், பெயரைப் பார்த்து அல்ல. ஓர் இலக்கத்தைத் தப்பாகப் போட்டுவிட்டு கவுண்டரில் வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். அனுப்பும் முன் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது இதற்காகத்தான். கண்டெய்னரில் அப்படிக் காட்ட யாரும் இல்லை. என் லேப்டாப்பில் 1000 என்றால் நான். இன்னொரு மெஷினில் 1000 என்றால் வேறு யாரோ.

பொட்டி தட்டும் நண்பர் ஒருவர், "777 போட்டுடுங்க சார், வேலை முடிஞ்சுது" என்றார். அதாவது யாரும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். பலரும் செய்வது இதைத்தான். என் கருத்து, இது தீர்வே அல்ல. ஒருவர் சாவி சேரவில்லை என்று லாக்கர் ரூம் கதவையே திறந்து வைப்பது மாதிரி. அந்த ஃபோல்டரைத் தொட முடிகிற எந்தப் புரோகிராம் பழுதானாலும் அப்பாவின் பத்திரங்கள் போச்சு.

சரியான வழி, காப்பி வரியிலேயே 'சௌன்' என்பதைச் சேர்த்து 1001 என்று எழுதிவிடுவது. 2017-ல் வந்த 17.09 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. பெயராக எழுதினால் இமேஜுக்குள் இருக்கிற யூசர் பட்டியலில்தான் தேடும், நம் லேப்டாப்பில் அல்ல. எனவே எண்ணே உத்தமம். காப்பி எடுத்த பிறகு தனி வரியில் உரிமையை மாற்றினாலும் நடக்கும். ஆனால் அதே ஃபைல்கள் இன்னொரு அடுக்காக மறுபடி சேர்ந்து இமேஜ் பெருத்துவிடும்.

நிற்க. இதைச் செய்தும் எனக்கு வேலை ஆகவில்லை! காலி வால்யூமை முதன்முதலாக மாட்டும்போது, இமேஜில் அந்த ஃபோல்டரும் அதில் இருப்பதும் யாருடையதோ, அப்படியே வால்யூமுக்கும் வந்துவிடுகிறது. ஒரு ஃபைல் உள்ளே விழுந்த பிறகு, இமேஜை எத்தனை தடவை திருத்தினாலும் வால்யூம் மாறாது. என் பட்டியல் ரூட் பெயரில் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தது. கடைசியில் வால்யூமுக்குள்ளேயே ஒருமுறை போய் மாற்றவேண்டி வந்தது.

அன்று ராத்திரி அப்பாவின் ஞாபகம்தான். அவருடைய ஒரு டெபாசிட் அவர் பெயரில் மட்டும் இருந்தது. ஜாயின்ட்டும் இல்லை, நாமினியும் இல்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் பிள்ளை அதைப் பார்த்திருக்கவில்லை. படிவத்தில் அன்றைக்கே ஒரு வரி நிரப்பியிருந்தால், அம்மா அந்த வயதில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்திருக்க வேண்டாம்.

கண்டெய்னரோ கணக்கோ, யாருக்கு உரிமை என்பதைத் தொடங்கும்போதே எழுதிவிடுங்கள். தூரத்தில் இருக்கிற நமக்கு அப்புறம் போய்த் திருத்துவது இரட்டை வேலை. இந்த வாரம் ஊருக்குப் போன் பேசும்போது நாமினி யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை போடலாம்.

தம்பி நேற்று முதல் பத்திரத்தை ஏற்றிவிட்டான். சிரிப்பு பொம்மை வந்தது, கேள்வி வரவில்லை.