பழகிய கையும் புதிய திரையும்

மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2012-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26-ஆம் நாள் 'விண்டோஸ் 8' என்னும் இயங்குதளத்தை வெளியிட்ட ஞான்று, யாம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறாராயிருந்தோம். எனினும் அதுபற்றி அந்நாளில் மூண்ட வழக்கு இன்றும் ஆராயத்தக்கதொன்றாம். அதனை வரவேற்றோர் பலர், வெறுத்தோரும் பலர், ஒரு பாதியைப் போற்றி மறுபாதியைத் தூற்றினோரும் பலர். வெறுத்தோரைப் 'புதுமைக்கு அஞ்சுவோர்' என்றும் 'கற்கச் சோம்புவோர்' என்றும் ஒதுக்கிவிடுதல் அன்று தொட்டு ஒரு வழக்கமாயிற்று. அது நேரியதன்று என்பது எம் துணிபு.

நடந்ததைச் சுருங்கக் கூறுவாம். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த 'விண்டோஸ் 95'-இல், திரையின் இடப்புறத்துக் கீழ்மூலையிலே 'ஸ்டார்ட்' என்னும் பொத்தான் அமைந்தது. அதனை அழகு கருதி வைத்தாரில்லை. அதற்கு முந்திய விண்டோஸின்முன் புதிதாய் அமர்ந்தோர், எங்கே தொடங்குவதென்று அறியாது திகைத்தலைச் சோதனைகளிற் கண்ட பின்னரே வைத்தனர். பதினேழாண்டுக் காலம் உலகெங்கும் எழுத்தரும் கணக்கரும் ஆசிரியரும் மாணாக்கரும் அம்மூலையை நோக்கியே சுட்டியை நகர்த்தினர். கண் பாராமலே கை செல்லும் அளவிற்குப் பழக்கம் முற்றியது. விண்டோஸ் 8 அப்பொத்தானை அகற்றிவிட்டது. கணினியை இயக்கியவுடன் திரை முழுவதும் வண்ண வண்ணக் கட்டங்கள் தோன்றின. பழைய மேசைத்திரையோ அக்கட்டங்களுள் ஒன்றாய் ஒடுங்கிற்று.

இம்மாற்றம் காரணமின்றி நிகழ்ந்ததன்று. 2010-இல் ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐபேட் வெளிவந்தது முதல், விரலாற் தொட்டு இயக்கும் கருவிகளின்பால் மக்கள் மனம் சென்றது. மேசைக் கணினிக்கும் தொடுபலகைக்கும் ஒரே இயங்குதளம் போதுமென்று விண்டோஸ் பிரிவின் தலைவராயிருந்த ஸ்டீவன் சினோப்ஸ்கியும் அவர் குழுவினரும் எண்ணினர். எண்ணம் பெரிது, அதனை யாம் குறைகூறோம்.

புகழ்ந்தோர் கூற்றிலும் உண்மை உண்டு. பழைய பதிப்பினும் விரைவாக விண்டோஸ் 8 கண்விழித்தது. பல கோப்புகளை ஒருங்கே படியெடுக்குங்கால், வேகத்தை வரைபடமாய்க் காட்டி, வேண்டுமிடத்து இடைநிறுத்தவும் இடந்தந்தது. கட்டங்களும் வெறும் ஓவியங்களல்ல. ஒன்று வானிலையையும் மற்றொன்று வந்த அஞ்சலையும் திறவாமலே காட்டும். தொடுதிரை உடையார்க்கு இவையெல்லாம் இனிமையே பயந்தன.

ஆனால் அந்நாளில் மேசைக்கணினி உடையார் பெரும்பாலோர் கையிலிருந்தவை சுட்டியும் விசைப்பலகையுமே. கணினியை நிறுத்துதல் என்னும் எளிய செயலை அவர் எவ்வாறு செய்தார் என்று பார்ப்போம். சுட்டியைத் திரையின் வலப்புற மூலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். ஆங்கு மறைந்திருந்த பட்டையொன்று வெளிப்படும். அதிலே அமைப்புகள் என்பதனைத் தெரிந்து, பின் மின்குறியைத் தெரிந்து, அதன் பின்னரே நிறுத்தல் இயலும். அம்மூலையில் அத்தகைய பட்டை உண்டென்பதற்குத் திரையில் யாதொரு அடையாளமும் இல்லை! புதிய செயலிகளை மூடுவதற்கோ, மேல்விளிம்பைப் பற்றிக் கீழ்விளிம்புவரை இழுத்தல் வேண்டும், இதற்கும் குறியில்லை. இன்னும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்னும் உலாவி கட்டங்களின் பக்கத்தில் ஒருவகையாகவும் மேசைத்திரையில் வேறுவகையாகவும் இருவுருக் கொண்டு நின்றது. அமைப்புகளை மாற்றும் இடமும் அவ்வாறே இரண்டாயிற்று. ஒரே வீட்டில் இரு குடித்தனம்.

"முயன்றால் கற்றுக்கொள்ளலாகாதோ?" என்பர். கற்கலாம், கற்றோரும் பலர். ஆயின் பழக்கம் என்பது ஒருவர் தம் உழைப்பால் ஈட்டிய பொருள். ஐம்பது அகவை கடந்தபின் ஒவ்வொரு படியையும் குறிப்பேட்டில் எழுதிவைத்துக் கணினி கற்ற அலுவலர் ஒருவரை நினைமின்கள். அக்குறிப்பேட்டின் முதல் வரியே பயனற்றதாயிற்று. இவ்விழப்பைச் செய்தவர் ஒருவர், சுமந்தவர் மற்றொருவர். அவரைச் சோம்பர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

நிறுவனத்தார் தம் செயலுக்கு அளவீட்டுச் சான்றும் காட்டினர். பயனர் பலர் வேண்டிய செயலிகளை அடிப்பட்டையிலேயே பொருத்திக்கொள்ளுதலால், ஸ்டார்ட் பட்டியலைத் திறப்பது குறைந்துவருகின்றது என்றனர். இருக்கலாம். நம் கல்லூரி நூலகத்தில் அகராதியை நாள்தோறும் புரட்டுவோர் எத்தனை பேர்? அதுபற்றி அதனை அலமாரியினின்று எடுத்துவிடுவார் உளரோ? குறைவாகப் பயன்படுதல் வேறு, வேண்டப்படாமை வேறு.

தமிழ் பயிலும் நண்பர் சிலர், பழையன ஒழிந்து புதியன வருதல் குற்றமன்று என்று நன்னூலார் விதித்தாரன்றோ என எம்மை மடக்குவர். நன்னூலார் அதனைக் காலத்தின்மேல் ஏற்றிக் கூறினார். சொல்லொன்று வழக்கொழிவது, அதனை வழங்குவோர் தாமே சிறிது சிறிதாய்க் கைவிடுவதால். ஓர் அரசன் ஆணையிட்டு ஒரே நாளில் ஒரு சொல்லை மக்கள் வாயினின்று பறித்ததை அவர் கூறவில்லை. விண்டோஸ் 8 புதிய திரையைத் தந்ததோடு பழைய வாயிலையும் திறந்தே வைத்திருப்பின், விரும்பினோர் புதியதிற் புகுந்திருப்பர். பழையது கழிவதாயின் தானே கழிந்திருக்கும். அதற்கு இடமின்மையே பூசலின் வேர். 'கிளாசிக் ஷெல்' போன்ற பிறர் செய்த செயலிகளைத் தேடியெடுத்துப் பழைய பட்டியலை மீளப் பெற்றோரின் முயற்சியே, அவர் சோம்பர் அல்லர் என்பதற்குச் சான்றாகும்.

பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தன. 2012 நவம்பரிலேயே சினோப்ஸ்கி நிறுவனத்தைவிட்டு நீங்கினார். இதனையும் அதனையும் முடிச்சிடுவார் உளர். யாம் அது செய்யோம். 2013 அக்டோபரில் வந்த 8.1 பதிப்பில் பொத்தான் மட்டும் மீண்டது. அழுத்தினால் பழைய கட்டங்களே தோன்றின. பசித்தவனுக்கு இலையை மட்டும் விரித்ததுபோலும்! 2014 ஏப்ரலில் கணினியை நிறுத்தும் குறி அத்திரையில் வெளிப்பட நின்றது. பட்டியல் முழுமையாக மீண்டது 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-இலேதான். ஆங்குப் பழைய பட்டியலின் பக்கத்திலேயே புதிய கட்டங்களும் அமைந்தன. முதலிலேயே இங்ஙனம் செய்திருக்கலாகாதோ என்று வினவாதார் இலர்.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, ஸ்டார்ட் பொத்தானைத் திரையடியின் நடுவே வைத்தது. இம்முறை அதனைப் பழைய மூலைக்கே நகர்த்திக்கொள்ளவும் அமைப்பிலே இடந்தந்தனர், இது நன்று. ஆயினும் அடிப்பட்டையைத் திரையின் மேற்புறத்திலோ பக்கத்திலோ வைத்துக்கொள்ளும் நெடுநாளைய உரிமை அவ்வெளியீட்டில் இல்லை. அவ்வாறு வைத்துப் பழகியோர், மீண்டும் பிறர் செய்த செயலிகளைத் தேடலாயினர்.