பிராந்தி சர்க்கரையை இறக்குமாம்!

"ஒரு கட்டிங் போட்டால் சர்க்கரை தானாக இறங்கிவிடும்!" மதுக்கடை வாசலில் இப்படி ஒரு வைத்தியம் உலவுகிறது. நீரிழிவு உள்ள ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இதை நம்புகிறார்கள். தோழர்களே, இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கொடியது!

சர்க்கரை இறங்கலாம் என்பது மெய்தான். ஆனால் எப்படி இறங்குகிறது? நாம் சாப்பிடாத நேரத்தில் இரத்தத்திற்குச் சர்க்கரை கொடுப்பது ஈரல். சேமித்ததைக் கொடுக்கிறது, அது தீர்ந்தால் புதிதாகத் தயாரித்துக் கொடுக்கிறது. சாராயம் உள்ளே போனதும் ஈரல் அந்த விஷத்தை ஒழிக்கும் வேலையில் இறங்குகிறது; சர்க்கரைத் தயாரிப்பு படுத்துவிடுகிறது. 180 மில்லி பிராந்தியில் சாராயச் சத்து சுமார் 60 கிராம். ஈரல் மணிக்கு ஒழிப்பதோ ஏறக்குறைய 7 முதல் 10 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு மணி நேரத்துக்கு மேல் ஈரலுக்கு வேறு வேலை ஓடாது!

அந்த நேரத்திலும் இன்சுலின் ஊசியும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஷிப்டு முடிந்து, நடவு முடிந்து, வெறும் வயிற்றில் குடித்தவன் கதி என்ன? வியர்வை, நடுக்கம், நாக்குழறல், தள்ளாட்டம், மயக்கம். தூக்கத்திலும் வரும், மறுநாள் காலையிலும் வரும்.

இவை அத்தனையும் போதையின் அடையாளங்கள்போலவே இருக்கின்றன. வாயிலும் நாற்றம். "குடிகாரன், கிடக்கட்டும்" என்று தாண்டிப் போகிறோம். அவனோ சர்க்கரை கிடைக்காமல் மூளை பட்டினி கிடந்து சாகிறான்!

சரி, தினமும் குடித்தால் நோய் தீருமா? தீராது. கணையம் கெடும், கால் நரம்பு கெடும், நோய் முற்றும். இதுவா வைத்தியம்?

"குடித்தான், செத்தான்" என்று தீர்ப்பு எழுதும் கனவான்களை நாம் கேட்கிறோம்: கடையைத் திறந்தது யார்? தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை சர்க்கார் கையில். 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை கொடுப்பதும் அதே சர்க்கார். ஒரு கை மாத்திரையை நீட்டுகிறது. மறு கை பாட்டிலை நீட்டுகிறது! இரண்டும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் என்ன நேரும் என்று சொல்லும் பொறுப்பு யாருடையது?

நமது கோரிக்கை இதுதான்: மாத்திரை தரும்போதே இந்த ஆபத்தை வாய்விட்டுச் சொல்! ஷிப்டு நடுவே சாப்பிட நேரம் கொடு! ஒவ்வொரு ஆலையிலும் சர்க்கரை பார்க்கும் கருவி வை!

அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டாம். மருந்து சாப்பிடும் தோழர் மதுவைத் தொடாதிருப்பதே நல்லது. குடித்துவிட்டாரா? வயிறாரச் சோறு போடுங்கள். தனியே தூங்க விடாதீர்கள். தள்ளாடுகிறாரா? நினைவு இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.

வழியில் விழுந்து கிடப்பவன் குடிகாரன் அல்ல, நம் தோழன். குனிந்து பாருங்கள்!