வளாக நாய்களும் 28 நாள் மாத்திரையும்

உண்ணிக் காய்ச்சல் கண்ட வளாக நாய்க்கு மருத்துவர் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் எழுதித் தருகிறார். வழக்கமாக 28 நாள்கள் கொடுக்க வேண்டும். நம் விடுதிகளில் அது முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறது. நாய் விழுங்க மறுக்கிறது என்பதே சொல்லப்படும் காரணம். அந்த மறுப்பைக் கற்றுக்கொடுப்பவர்கள் நாமே என்பது என் கருத்து. மாத்திரையைப் பொடித்துத் தட்டுச் சோறு முழுவதிலும் கலக்கிறோம். கசப்பறிந்த நாய் மறுநாள் சோற்றையே ஒதுக்குகிறது. பாதி உண்டாலோ, எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. பாலில் கரைப்பது அதனினும் வீண். பாலிலுள்ள கால்சியம் இம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

வேகவைத்த கோழித் துண்டுகள் மூன்று போதும். முதலாவது வெறுமனே, இரண்டாவதில் மாத்திரை, அதை வாயில் வாங்கும்போதே மூன்றாவது கண்ணெதிரே இருக்க வேண்டும். அடுத்ததன் ஆசையில் நாய் மென்றுபார்க்காமல் விழுங்கிவிடும். விடுதிக் குழம்பிலிருந்து எடுத்த துண்டு வேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பின்னர்ச் சிறிது தண்ணீரும் குடிக்க வையுங்கள். உணவுக்குழாயில் தங்கும் டாக்சிசைக்ளின் அங்கே புண்ணாக்கும். பழகாத நாயின் வாயைப் பிளந்து திணிக்கும் வீரம் எவருக்கும் தேவையில்லை.

ஐந்தாம் நாள் நாய் ஓடியாடத் தொடங்கியதும் மருந்தை மறந்துவிடுவோருக்கு மறுப்பு என்ற காரணமும் இல்லை. பருவ விடுமுறைக்கு ஊர் செல்பவர்கள், மீதி மாத்திரைகளை யாரிடம் ஒப்படைத்தோம், எத்தனை நாள் எஞ்சியுள்ளது என்று விடுதிக் குழுவில் எழுதிவிட்டுப் புறப்படுங்கள்.