ஒளித்து வாசிக்க வேண்டாம்

"காதல் கதையா?" என்று உம்மா கேட்டார். காதலும் உண்டு என்றேன். கனடா எழுத்தாளர் எஸ்.கே. அலி 2017இல் வெளியிட்ட 'செயின்ட்ஸ் அண்ட் மிஸ்ஃபிட்ஸ்' என்ற ஆங்கில இளையோர் நாவல் அது. ஹிஜாப் அணியும் மாணவி ஜன்னாவிடம், குர்ஆனை மனனம் செய்து எல்லோரின் மதிப்பையும் பெற்ற இளைஞன் ஒருவன் அத்துமீற முயல்கிறான். தன் சொல்லை எவரும் நம்பமாட்டார்கள் என அஞ்சி அவள் வாய்மூடி இருக்கிறாள். அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு எந்தத் த்ரில்லரிலும் எனக்கு இவ்வளவு வந்ததில்லை.

இத்தகைய நாவல்கள் பெண்பிள்ளைகளைக் கெடுக்கும் என்பாருண்டு. ஜன்னாவின் மௌனமே எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. தோழியரே, ஒளித்து வாசிக்காதீர்கள். வீட்டிலும் கதையைச் சொல்லுங்கள். நான் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்த உம்மா, "நீ சொன்னால் நான் நம்புவேன், மகள்" என்றார்.