மிலிட்டரி தாத்தாக்களின் சமாதியை யார் பார்ப்பது?

இந்தச் சுவர் இதழில் மரம் நடுவது பற்றி எழுதியாச்சு, பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றியும் எழுதியாச்சு. நான் சுடுகாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க, முழுசா படிங்க.

நம்ம வேலூர் மாவட்டத்தில் மிலிட்டரிக்காரர் இல்லாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். நம்ம ஊரிலும் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, வயசாகி இறந்தவர்கள் நிறைய பேர். அடக்கம் பண்ணுற அன்னிக்கு மாலை, பேண்டு, கூட்டம் எல்லாம் இருக்கும். காரியம் முடிஞ்சதும் யாரும் அந்தப் பக்கம் போறதில்லை. இரண்டு மழைக்காலம் போனால் சீமைக்கருவேல முள் மூடிவிடும். சிமெண்டில் எழுதின பேரும் உதிர்ந்துவிடும். அப்புறம் சமாதி எது, மண்மேடு எது என்று சொந்தக்காரங்களுக்கே தெரியாது.

சென்னை நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. லீவில் மாமா கூட்டிப் போய்க் காட்டினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்து அங்கங்கே புதைக்கப்பட்டிருந்தவர்களுக்காக 1952ல் அதை ஏற்படுத்தினார்கள். 856 பேர் அங்கே இருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. புல்தரை, பூச்செடி எல்லாம் அழகுதான். அதுக்கு ஆறு நாட்டு அரசாங்கம் பணம் கொடுக்குது, நம்ம இந்தியாவும் அதில் ஒண்ணு. நம்மகிட்ட அவ்வளவு பணம் இல்லை, அது வேற விஷயம். எனக்குப் பிடித்தது அந்தக் கல்லுங்கதான். அதிகாரிக்குப் பெருசு, சிப்பாய்க்குச் சின்னது என்று இல்லாமல் எல்லாம் ஒரே மாதிரி வரிசையா இருக்கு.

ஆனா அந்த ஆணையமே முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் ஆயிரக்கணக்கான பேருக்கு அப்படிச் செய்யவில்லை. தனிக்கல்லும் இல்லை, நிறைய பேருக்குப் பேரே எழுதவில்லை. 2021ல்தான் அதை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கு, பஜாருக்குப் போனால் பாருங்க. 1914-19 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். அந்த 14 பேர் யாரு? எந்தத் தெரு? எண்ணிக்கை மட்டும் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். நமக்கு ஒரு சுடுகாடு இல்லை, இரண்டு இருக்கு. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஊர்ச் சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் இருக்கு, அடிபம்ப் இருக்கு. காலனி சுடுகாட்டுக்குப் பாதையே சரியாக இல்லை. என் தாத்தா அங்கேதான் இருக்கார். பட்டாளத்தில் எல்லாரும் ஒரே பேரக்கில் படுத்து, ஒரே லங்கரில்தான் சாப்பிட்டாங்கன்னு எங்க ஆயா சொல்லும். ஊருக்குத் திரும்பி வந்து செத்தா மட்டும் எதுக்கு வேற வேற? சுத்தம் பண்ணினால் இரண்டையும் பண்ணணும். ஒண்ணை மட்டும் பண்ணுறதா இருந்தா பண்ணவே வேண்டாம் என்பது என் கருத்து.

உயிரோட இருக்கிறவங்களுக்கே குழாயில் தண்ணி வரலை, செத்தவங்களுக்கு என்ன அவசரம் என்று சிலர் கேட்கிறார்கள். தண்ணியும் கேட்போம். ஆனா முள் வெட்டுறதுக்குப் பணம் தேவையில்லை, அரிவாளும் அரை நாளும் போதும். கிறிஸ்தவங்க நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தோட போய் சுத்தம் பண்ணி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே. நாமும் வருஷத்துக்கு இரண்டு தடவை, மழை முடிஞ்சதும் ஒரு தடவை, ஆகஸ்ட் 15க்கு முன்னாடி ஒரு தடவை போகலாம். லீவில் வர்ற மிலிட்டரி அண்ணன்கள் கேட்டால் கண்டிப்பா வருவாங்க. பாதையும் பெயர்ப்பலகையும் பஞ்சாயத்து வேலை. அதைக் கிராம சபையில் கேட்கணும்.

பொம்பளைப் பிள்ளைங்க சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்று திட்டுவார்கள். சரி, முள்ளைப் பையன்களே வெட்டட்டும். எங்களுக்கு அதைவிட அவசரமான வேலை இருக்கு. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்த ஆயாக்கள் ஒவ்வொருத்தரா போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவங்க டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக் இருக்கும். அதில் பேர், ஆர்மி நம்பர், ரெஜிமெண்ட் எல்லாம் இருக்கும். எங்க தாத்தாவோடதில் ஓரமெல்லாம் கரையான் அரிச்சிடுச்சு, நம்பர் மட்டும் தப்பிச்சுது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கேன். உங்க வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருந்து இறந்திருந்தால் பேர், நம்பர், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, சமாதி எந்த இடம் என்று எழுதி ஒன்பதாம் வகுப்பில் என்கிட்ட கொடுங்க. ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்த நோட்டைக் கொடுக்கப் போகிறோம். ஊர் தனி, காலனி தனி என்று எழுத மாட்டோம். அ, ஆ வரிசையில்தான் எழுதுவோம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி